மாணாவுக்கு ஒரு மணி நேரம் போதாது: முதல்முறை போகிறவர்களுக்கு

பத்ரிநாத் போய் வந்த யாரிடமாவது, "மாணா பார்த்தீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "பார்த்தோமே! ஒரு குகை, ஒரு பாலம், ஒரு டீக்கடை" என்பார்கள். முதல்முறை போய் வந்தபோது நானும் அப்படித்தான் சொன்னேன். மே மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு வேன் எங்களை ஊர் வாசலில் இறக்கிவிட்டது. நாலரைக்குள் திரும்ப வேண்டும் என்றார் ஓட்டுநர். கூட்டத்தோடு நகர்ந்து வியாச குகையை எட்டிப் பார்த்தோம், டீ குடித்தோம், இறங்கிவிட்டோம். அந்த ஒரு மணி நேரத்துக்காகச் சென்னையிலிருந்து நாலு நாள் பயணம், ரிஷிகேஷில் பதிவு வரிசையில் வீணாய்ப் போன ஒரு முழுப் பகல், சாலை அடைபட்டு நடுவழியில் கழிந்த ஒன்பது மணி நேரம்.

இரண்டாம் முறை செப்டம்பர் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு 64 வயது. அந்த முறை மாணாவிலேயே இரண்டு இரவு தங்கினோம். முதல்முறை செய்த தவறுகளை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

மாணா இருப்பது உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில். பத்ரிநாத்திலிருந்து 3 கிலோமீட்டர். ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரம். அதற்கு அப்பால் ராணுவமும் பனியும் திபெத் எல்லையும்தான். "இந்தியாவின் கடைசி கிராமம்" என்று இருந்த பெயர்ப்பலகை 2023-இல் "முதல் கிராமம்" என்று மாறிவிட்டது. ஊர் அதே ஊர்தான்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

மாணா வருடம் முழுக்க ஆள் இருக்கும் ஊர் அல்ல. பத்ரிநாத் கோயில் நடை ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ திறக்கும், நவம்பரில் சாத்தப்படும். ஊர்க்காரர்களான போட்டியா மக்களும் அந்த ஆறு மாதம்தான் மேலே இருப்பார்கள். குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மாவட்டத்தின் தாழ்வான ஊர்களுக்கு இறங்கிவிடுவார்கள். நடை திறக்கும் தேதியை வசந்த பஞ்சமி அன்றும், சாத்தும் தேதியை விஜயதசமி அன்றும் அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பு வருமுன் ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். 2024-இல் மே 12 அன்று திறந்தது, 2025-இல் மே 4 அன்றே திறந்துவிட்டது.

மே, ஜூன் மாதங்களில் வழி நன்றாக இருக்கும், கூட்டமோ தாங்காது. வட இந்தியப் பள்ளிகளுக்கும் அப்போதுதான் விடுமுறை. ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். மழையில் மலை சரிந்து சாலை அடைபடுவது அந்த மாதங்களில் அன்றாட நிகழ்ச்சி. செப்டம்பர் 20-க்கு மேல் அக்டோபர் 20 வரை என்பது என் தேர்வு. வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும், 6,596 மீட்டர் உயர நீலகண்ட சிகரம் காலையில் பொன்னிறமாய்த் தெரியும், அறையும் கிடைக்கும். அக்டோபர் பாதிக்கு மேல் இரவுக் குளிர் உறைநிலைக்குக் கீழே போய்விடும், வயதானவர்களுக்கு ஆகாது.

செப்டம்பரில் போவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வாமன துவாதசி அன்று மாணாவுக்கு எதிரே, அலக்நந்தா ஆற்றின் மறுகரையில் மாதா மூர்த்தி கோயில் திருவிழா. நர நாராயணர்களின் தாயைப் பார்க்க, பத்ரிநாத்திலிருந்து கண்ணனின் தோழரான உத்தவரின் திருமேனி பல்லக்கில் வரும். பார்க்கக் கிடைத்தால் பாக்கியம். ஆனால் அன்று பகலில் சில மணி நேரம் பத்ரிநாத் நடை சாத்தியிருக்கும். தரிசனத்தை முந்தைய நாளோ மறுநாளோ வைத்துக்கொள்ளுங்கள்.

நடை திறக்குமுன் பனி பார்க்கப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2025 பிப்ரவரி 28 அன்று மாணா அருகே எல்லைச் சாலை அமைப்பின் முகாம் மீது பனிச்சரிவு விழுந்து தொழிலாளர்கள் 8 பேர் இறந்தார்கள். நடை திறக்கும்வரை அது மனிதர் போகும் இடமில்லை.

2. யாத்திரைப் பதிவு: இதைச் செய்யாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்

"நான் மாணாவுக்குத்தானே போகிறேன், சார்தாம் யாத்திரைக்கு இல்லையே" என்று சொன்னால் எடுபடாது. மாணாவுக்கு வேறு வழி கிடையாது, பத்ரிநாத் சாலைதான். அந்தச் சாலையில் பதிவுச் சீட்டு கேட்பார்கள்.

உத்தராகண்ட் சுற்றுலாத் துறையின் இணையதளத்திலோ 'டூரிஸ்ட் கேர் உத்தராகண்ட்' செயலியிலோ பதிவு செய்யலாம். ஆதார் எண், கைப்பேசி எண், போகும் தேதி, அவசரத்துக்கு அழைக்க ஒருவரின் எண், வண்டி விவரம் இவ்வளவும் கேட்கும். முடித்ததும் க்யூஆர் குறியீடு போட்ட சீட்டு வரும். நான் செய்தபோது கட்டணம் இல்லை.

இதில் ஏமாறும் இடங்கள் நாலு.

முதலாவது, போலித் தளம். தேடினால் மேலே வந்து நிற்பவை பெரும்பாலும் தனியார் முகவர்களின் தளங்கள். முதல்முறை இப்படி ஒருவரிடம் தலைக்கு 400 ரூபாய் கொடுத்தேன். வந்த சீட்டில் கேதார்நாத் இருந்தது, பத்ரிநாத் இல்லை. அதனால்தான் ரிஷிகேஷில் அந்தப் பகல் போனது. தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள்.

இரண்டாவது, தேதி. கிளம்பும் தேதியைப் போடக் கூடாது, பத்ரிநாத் போய்ச் சேரும் தேதியைப் போட வேண்டும். சென்னையிலிருந்து போனால் இரண்டுக்கும் நடுவில் நாலைந்து நாள் இருக்கும்.

மூன்றாவது, சார்தாம் என்னும் நாலு கோயிலில் (யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத்) எது எதற்குப் போகிறோம் என்று தனித்தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். பத்ரிநாத் மட்டும் என்றால் அதை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

நாலாவது, ஒதுக்கீடு. மே, ஜூன் தேதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். நேரில் பதிய ஹரித்வாரிலும் ரிஷிகேஷிலும் கவுண்டர் உண்டு. அதை நம்பிப் போனால் கூட்ட நாட்களில் வரிசையிலேயே ஒரு நாள் தீரும், அன்றைய எண்ணிக்கை முடிந்தால் மறுநாள் வரச் சொல்வார்கள்.

சீட்டை இரண்டு பிரதி அச்சடித்துக்கொள்ளுங்கள். வழியில் சிக்னல் இல்லாத இடத்தில்தான் கேட்பார்கள்.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஆதார் அட்டையின் அசல், பதிவுச் சீட்டு, இரண்டு பிரதி. மாணா ஊருக்குள் போக இவை போதும், தனி அனுமதிச் சீட்டு வேண்டாம். ஊரைத் தாண்டி மாணா கணவாய்ப் பக்கம் போகும் சாலை அப்படியல்ல. அது எல்லைப் பகுதி, நிர்வாகத்தின் அனுமதியும் ராணுவத்தின் ஒப்புதலும் இல்லாமல் விடமாட்டார்கள். ஜீப்காரர் யாராவது "கணவாய் வரை கூட்டிப் போகிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் பணம் கொடுத்துவிடாதீர்கள். சதோபந்த் ஏரி வரை நடக்கும் ஆசை இருந்தால் அதற்கும் தனி அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும், அதை ஜோஷிமட்டிலேயே முடித்துக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும். இந்தக் கட்டுரை அதற்கானது அல்ல. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரின் சீட்டும் மாத்திரைகளும் தோள்பையில் வைத்திருக்க வேண்டும். ஜீப்பின் மேல் கட்டும் பெட்டியில் போட்டால் நடுவழியில் எடுக்க முடியாது.

டிரோன் கொண்டு போக நினைத்தால் மறந்துவிடுங்கள். ராணுவ முகாம்களையும் வண்டிகளையும் படம் எடுக்காதீர்கள்.

4. ரிஷிகேஷ் வரை

இது எளிது. சென்னை சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்றாம் நாள் காலை புதுதில்லி. அங்கிருந்து ரயிலிலோ, காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்திலோ ஹரித்வார், பிறகு 25 கிலோமீட்டரில் ரிஷிகேஷ். விமானம் என்றால் டேராடூனின் ஜாலி கிராண்ட் நிலையம் ரிஷிகேஷுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எப்படிப் போனாலும் அன்றிரவு ரிஷிகேஷில் தூங்குங்கள். இரவில் மலைச்சாலையில் வண்டி விடுவதில்லை, அதிகாலையிலிருந்துதான் விடுவார்கள்.

5. ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத்: இரண்டு நாளாகப் பிரியுங்கள்

வரைபடத்தில் 295 கிலோமீட்டர்தான். நம் ஊர்க் கணக்கில் ஆறு மணி நேரம் என்று தோன்றும். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. சாலை நல்லபடி இருந்தாலே ஜோஷிமட் போகப் பத்து மணி நேரம் ஆகும். தேவப்பிரயாகை, ஸ்ரீநகர் (காஷ்மீரில் இருப்பது அல்ல), ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை, சமோலி, பீப்பல்கோட்டி என்று ஊர்கள் ஒவ்வொன்றாய் வரும். ருத்ரப்பிரயாகைக்கு முன்னால் வரும் சிரோபகட், பத்ரிநாத்துக்குக் கீழே வரும் லாம்பகட் இரண்டும் மண்சரிவுக்குப் பேர்போன இடங்கள். மழை பெய்திருந்தால் அங்கே வண்டிகள் வரிசையாய் நிற்கும், பொக்லைன் வந்து மண்ணை அள்ளும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பிஸ்கட், தண்ணீர், வெல்லம் கலந்த கடலை எப்போதும் கையில் இருக்கட்டும். முதல்முறை எங்களிடம் இருந்தது அரைப் பொட்டலம் முறுக்கு.

பேருந்தும் ஷேர் ஜீப்பும் ரிஷிகேஷில் விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கே கிளம்பிவிடும். எட்டு மணிக்குப் போய் நின்றால் பாதி வழி போகும் வண்டிதான் கிடைக்கும். முந்தைய நாள் மாலையே யாத்திரைப் பேருந்து நிலையத்துக்குப் போய் இருக்கை சொல்லி வையுங்கள். மலைப்பாதையில் வாந்தி வருமென்றால் ஜீப்பின் நடு வரிசையைக் கேளுங்கள். பின்னால் எதிரெதிரே உட்காரும் இருக்கையில் பத்து மணி நேரம் யாராலும் முடியாது. ஓட்டுநருக்குப் பின்வரிசை ஜன்னலோரம் கிடைத்தால் அலக்நந்தாவைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

ஜோஷிமட் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். அரசு ஆவணங்களில் இப்போது ஜோதிர்மட் என்று பெயர், ஜீப்காரர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அங்கேயோ சற்றுக் கீழே பீப்பல்கோட்டியிலோ ஒரு இரவு தங்கினால் உடம்பு உயரத்துக்குப் பழகும். மறுநாள் 45 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குள் பத்ரிநாத். ரிஷிகேஷிலிருந்து ஒரே நாளில் ஏறிவிட்டு, இரவெல்லாம் தலைவலியோடு புரண்டவன் நான். அறையில் இருந்த நாலு பேரில் மூன்று பேருக்கு அதே கதி.

6. தனி வண்டி பேசினால், "மாணா" என்ற சொல் பேச்சில் இருக்கட்டும்

எனக்கு அதிகம் வலித்த பாடம் இது. "பத்ரிநாத் போய்வர இவ்வளவு" என்று பேசினால் ஓட்டுநரின் கணக்கில் மாணா கிடையாது. மேலே போனபிறகு கேட்டால் கூடுதல் பணம், அல்லது மனமில்லாமல் ஒரு மணி நேரம். பேசும்போதே "மாணாவில் ஒரு பகல் முழுக்க, முடிந்தால் ஒரு இரவு" என்று சொல்லி வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுநரின் சாப்பாடு, தங்கும் இடம், நிறுத்துமிடக் கட்டணம், சாலை அடைபட்டுக் கூடும் நாளுக்கான வாடகை யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வாடகை வண்டிக்குப் போக்குவரத்துத் துறையின் 'கிரீன் கார்டு', 'ட்ரிப் கார்டு' இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத வண்டியைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிடுவார்கள், தவிப்பது நாம்தான்.

உண்மையில் இரண்டு பேர் போவதற்குத் தனி வண்டி வேண்டியதில்லை. பத்ரிநாத்திலிருந்து மாணாவுக்கு ஷேர் ஜீப் உண்டு. நடந்தாலும் ஒரு மணி நேரம், பெரும்பாலும் சமதளப் பாதை.

7. உடம்பு

"கூன் விழுந்து கோல் ஊன்றுமுன் வதரிக்குப் போய்விடு" என்ற பொருளில் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். வதரி என்பது இதே பத்ரிதான். யாத்திரை மருத்துவ முகாமில் இரத்த அழுத்தம் பார்த்த பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பார்.

50 வயதைத் தாண்டியவர்கள் கிளம்புமுன் மருத்துவரிடம் போய், 3,200 மீட்டருக்குப் போகிறேன் என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "மலைக் கோயிலுக்குப் போகிறேன்" என்றால் திருப்பதி என்று நினைத்துக்கொள்வார். உயரத்தால் வரும் உபாதைக்கு மாத்திரை வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும், மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். ஒரு மாதம் முன்பே தினமும் நாலைந்து கிலோமீட்டர் நடந்து பழகுங்கள். மேலே போன முதல் நாள் மெதுவாக நடங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். தலைவலி லேசாக இருந்தால் ஓய்வு போதும். நடை தடுமாறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டிவிட்டு ஜோஷிமட்டுக்கு இறங்கிவிட வேண்டும்.

உடை விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு, ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரை எடுத்துப் போவது. மெல்லியதாக மூன்று அடுக்கு, மேலே காற்றும் மழையும் புகாத ஒரு ஜாக்கெட், காதை மூடும் குல்லா, கம்பளிக் காலுறை மூன்று ஜோடி. மாணாவில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் காற்று எழும்பும். வெயிலில் நின்றாலும் அந்தக் காற்று எலும்பைத் தொடும்.

8. எங்கே தங்குவது

பத்ரிநாத்தில் கட்வால் மண்டல் விகாஸ் நிகாம் என்ற அரசு நிறுவனத்தின் விடுதி, தர்மசாலைகள், மடங்கள், ஓட்டல்கள் எல்லாம் உண்டு. அதில் சிக்கல் இல்லை.

மாணாவில் தங்குவதென்றால் ஹோம்ஸ்டே. கல்லும் மரமும் வைத்துக் கட்டிய வீட்டில் ஒரு அறை, தடித்த ரஜாய், சமையலறையில் அவர்களோடு உட்கார்ந்து ரொட்டியும் ராஜ்மாவும். கூட்டம் குறைந்த மாதங்களில் நேரில் போய்க் கேட்டே பிடிக்கலாம். நாங்கள் அப்படித்தான் பிடித்தோம். மே, ஜூனில் அது நடக்காது, முன்கூட்டியே போனில் பேசிவிடுங்கள். அறையைப் பார்க்காமல் முழுப் பணமும் அனுப்பாதீர்கள். கேட்க வேண்டியவை மூன்று: கழிப்பறை உள்ளேயா வெளியேயா, வெந்நீர் வாளிக் கணக்கா, இரவுச் சாப்பாடு வாடகையில் சேர்த்தியா. "கரம் பானி" (வெந்நீர்) என்ற இரண்டு சொல் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அசைவம், மது இரண்டையும் பத்ரிநாத் பக்கம் நினைக்காதீர்கள். பணம் ரொக்கமாக வையுங்கள். யூபிஐ பலகை எல்லாக் கடையிலும் தொங்கும், சிக்னல் போனால் பலகை மட்டும்தான் மிஞ்சும். ஏடிஎம் பத்ரிநாத்தில் உண்டு, ஆனால் நான் ஜோஷிமட்டிலேயே எடுத்துவைத்துக்கொண்டுதான் ஏறினேன்.

9. மாணாவுக்குள் எப்படி நடப்பது

வண்டி ஊர் நுழைவாயிலோடு நின்றுவிடும். பிறகு கல் பாவிய சந்துகள், ஏற்றம். முடியாதவர்களை முதுகுக் கூடையில் சுமந்து போகும் ஆட்கள் வாசலிலேயே நிற்பார்கள், அந்தக் கூடைக்குக் 'கண்டி' என்று பெயர். எந்த இடம் வரை, திரும்பி வரவும் சேர்த்தா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அம்மா ஏற மறுத்துவிட்டார். "என்னைத் தூக்கிக்கிட்டு அந்தப் பிள்ளை ஏறுறதா?" என்று கேட்டுவிட்டு, பத்து படிக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்தே மேலே வந்தார்.

காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். சுற்றுலா வண்டிகள் பத்து மணிக்கு மேல்தான் வரத் தொடங்கும், நாலு மணி வரை சந்தில் தோள் இடிக்கும். ஊரில் தங்கினால் கிடைக்கும் லாபமே பகலின் இந்த இரண்டு முனைகளும்தான்.

முதலில் கணேச குகை வரும், இன்னும் மேலே வியாச குகை. வியாசர் பாரதம் சொன்னதும் பிள்ளையார் எழுதியதும் இங்கேதான் என்பது ஐதீகம். வியாச குகையின் மேற்பாறை ஏடுகளை அடுக்கி வைத்ததுபோல் மடிப்பு மடிப்பாக இருக்கும், அதை வியாசரின் புத்தகம் என்கிறார்கள். உள்ளே கூரை தாழ்வு, தலையைக் குனிந்து போங்கள். கூட்டம் இல்லாதபோது பத்து நிமிடமாவது உட்காருங்கள். வெளியே இருக்கும் ஆற்றின் இரைச்சல் குகைக்குள் எட்டாது. அந்த இரைச்சலுக்கு ஒரு கதை கீழே காத்திருக்கிறது.

அங்கிருந்து இறங்கினால் பீம் புல், அதாவது பீமன் பாலம். பாறை இடுக்கிலிருந்து சரஸ்வதி ஆறு வெண்மையாய்ச் சீறி வெளியே வரும். அதன் குறுக்கே ஒற்றைப் பெரும்பாறை கிடக்கிறது. சொர்க்கத்துக்கு நடந்த கடைசிப் பயணத்தில் பாஞ்சாலி கடப்பதற்காகப் பீமன் தூக்கிப் போட்ட கல் என்பார்கள். பாரதம் எழுதும்போது சத்தம் போடாதே என்று சொல்லியும் சரஸ்வதி கேட்கவில்லை, அதனால் இதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் போவாய் என்று சாபம் விழுந்தது என்பது மற்றொரு கதை. கொஞ்ச தூரத்திலேயே கேசவப் பிரயாகையில் அலக்நந்தாவோடு கலந்து அவள் பெயரை இழந்துவிடுகிறாள். கைப்பிடிச் சுவரைத் தாண்டி நின்று படம் எடுக்காதீர்கள், பாறை எப்போதும் ஈரமாய் இருக்கும்.

பாலத்தருகே இருக்கும் பிரபலமான டீக்கடையில் டீ சுமார்தான். ஊருக்குள் திரும்பும் வழியில் சின்னத் திண்ணைக் கடைகளில் கிடைக்கும் மூலிகை டீயைக் குடித்துப் பாருங்கள்.

ஊரின் காவல் தெய்வம் கண்டாகர்ணன். கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது, கூட்டம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் கம்பளி பின்னிக்கொண்டிருப்பார்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். முதலில் ஒரு குல்லாவோ காலுறையோ வாங்கிவிட்டு, சிரித்துவிட்டு, பிறகு கேளுங்கள். பத்ரிநாத் நடை சாத்தும் நாளில் பெருமாளுக்கு நெய் தோய்த்துப் போர்த்தும் கம்பளி இந்த ஊர்ப் பெண்கள் நெய்து கொடுப்பது. எங்கள் வீட்டுக்காரம்மா அதைச் சொன்னபோது கை ஊசியை நிறுத்தவில்லை, குரல் மட்டும் கொஞ்சம் தணிந்தது. கடைகளில் தொங்கும் சால்வைகள் எல்லாம் ஊரில் நெய்தவை அல்ல, சமவெளியிலிருந்து வந்த ஆலைச் சரக்கும் கலந்திருக்கும். கண்ணெதிரே பின்னுகிறவரிடமே வாங்குவது பாதுகாப்பு. மலை ராஜ்மாவும் வாங்கலாம், ஒரு கிலோ போதும், பெட்டி கனக்கும்.

10. வசுதாரா அருவி: இதற்கு ஒரு தனி நாள்

பீமன் பாலத்திலிருந்து பாதை கிளம்புகிறது. ஒரு வழிக்கு 5 கிலோமீட்டருக்குக் குறையாது, போய்வர ஐந்தாறு மணி நேரம் வையுங்கள். தனி அனுமதி எதுவும் எங்களிடம் கேட்கவில்லை. தொடக்கத்தில் கல் பாவிய பாதை, பிறகு கரடுமுரடு, கடைசியில் பாறைக் குவியல். மாணாவைத் தாண்டினால் கடை கிடையாது, நிழலும் கிடையாது. தண்ணீர் இரண்டு லிட்டர், மதியச் சாப்பாடு, ஒரு மழைச்சட்டை. காலை ஏழரைக்குள் கிளம்பி, பன்னிரண்டுக்குள் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

பாதை தொடங்கிச் சிறிது தூரத்தில் பாஞ்சாலிக்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. இந்த ஏற்றத்தில்தான் அவள் விழுந்தாள் என்கிறார்கள். திரௌபதி அம்மன் தீமிதி பார்த்து வளர்ந்தவர் அம்மா. அங்கேயே உட்கார்ந்துகொண்டு, "நீ போயிட்டு வா, நான் இவளோட இருக்கேன்" என்றார். வழியில் சந்தித்த புனே குடும்பத்தின் பாட்டியும் துணைக்கு உட்கார, இருவரும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே ஒரு மணி நேரம் பேசிவிட்டுச் சேர்ந்து ஊருக்கு இறங்கியிருக்கிறார்கள்.

அருவி சுமார் 120 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. காற்று அடித்தால் தண்ணீர் தரையைத் தொடாமல் பொடியாகப் பறக்கும். பாவிகள் மேல் இந்தத் தண்ணீர் படாது என்று ஒரு நம்பிக்கை. காற்று என் பக்கம் திரும்பக் கால் மணி நேரம் ஆனது, அதற்குள் நினைவுக்கு வந்த கணக்குகளைச் சொல்வதற்கில்லை. அடியில் பனிப்படுகை கிடந்தால் அதன்மேல் ஏறாதீர்கள். மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே ஆறு ஓடும். மழை மேகம் கண்டால் திரும்பிவிடுங்கள்.

11. செலவு

இரண்டாம் முறை நாங்கள் இருவரும் செலவழித்ததைச் சொல்கிறேன். வருடத்துக்கு வருடம் மாறும், ஒரு மதிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னை–தில்லி மூன்றடுக்கு ஏசி ஒரு வழிக்குத் தலைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். ரிஷிகேஷ்–ஜோஷிமட் ஷேர் ஜீப் 700, ஜோஷிமட்–பத்ரிநாத் 150. மாணா ஹோம்ஸ்டே இருவருக்கும் இரண்டு வேளைச் சாப்பாட்டோடு இரவுக்கு 1,800. வெந்நீர் வாளி 50. ரிஷிகேஷில் ஏறி மறுபடி ரிஷிகேஷில் இறங்கும்வரை ஏழு நாளுக்கு இருவருக்கும் சேர்த்து 14,000 ரூபாய்க்குள் முடிந்தது. தனி வண்டி பேசியிருந்தால் வாடகை மட்டுமே நாளுக்கு நாலாயிரம், ஐயாயிரம் ஆகியிருக்கும்.

இதற்கு மேல் தலைக்கு மூன்றாயிரம் ரூபாய் தனியாக மடித்து வையுங்கள். சாலை அடைபட்டு ஒரு நாள் கூடினால் அறைக்கும் சாப்பாட்டுக்கும் அதுதான்.

12. இறங்கும் நாள்

பத்ரிநாத்திலிருந்து ரிஷிகேஷ் பேருந்துகள் விடியுமுன் கிளம்பிவிடும். மாணாவில் தூங்கினால் அந்த நேரத்துக்குக் கீழே வர ஜீப் கிடைக்காது. எனவே கடைசி இரவைப் பத்ரிநாத்தில் வைத்துக்கொண்டு, மாலையிலேயே பேருந்து நிலையத்தில் டிக்கெட் எடுத்துவிடுங்கள். கோயிலருகே வெந்நீர் ஊற்றான தப்ப குண்டத்தில் குளிக்கவும் அந்த மாலை சரியாக இருக்கும்.

தில்லி ரயிலை இறங்கும் நாளிலோ மறுநாளிலோ வைக்காதீர்கள். நடுவே ஒரு முழு நாள் காலியாக விடுங்கள். நாங்கள் இறங்கிய அன்று வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. இருந்தும் சமோலிக்குக் கீழே ஒரு லாரி குறுக்கே நின்றதில் ஆறு மணி நேரம் போய், ருத்ரப்பிரயாகையிலேயே படுத்துக்கொள்ள வேண்டி வந்தது. காலியாக விட்ட அந்த நாள்தான் ரயிலைக் காப்பாற்றியது.

கீழே வந்ததும் ராஜ்மாவை இரவு முழுக்க ஊறப் போடுங்கள். அதற்குக் குறைந்து ஊறினால் குக்கரில் பத்து விசில் வைத்தாலும் வேகவில்லை.